தைராய்டு மாத்திரை போட்டும் எடை ஏறுகிறது, ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல்

ஜனவரி 10, வாசகி ஒருவர் கேட்டது

எனக்கு வயது 36. மூன்று வருடமாக லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் எடுக்கிறேன். போன வாரம் எடுத்த டெஸ்ட்டில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 2.1. டாக்டர் பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு வருடத்தில் 61 கிலோவிலிருந்து 68க்கு வந்திருக்கிறேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மலச்சிக்கல், மதியமானால் கண் சொக்குகிறது. சாப்பாடு ஒன்றும் கூடவில்லை. இந்த மாத்திரைதான் உடம்பு போட வைக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொல்கிறார். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

ஜனவரி 11, காலை

நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

லெவோதைராக்சின் என்பது நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தானே சுரக்கும் அதே டி4 ஹார்மோன். சுரப்பி குறைவாகக் கொடுக்கிறது, மீதியை நாம் வாயால் விழுங்குகிறோம். உடம்பு போட வைக்கும் வேலை அதற்குக் கிடையாது. அளவு பற்றாமல் போனால் எடை ஏறலாம், அப்போது பழி மாத்திரை மேல் விழுகிறது. நிறுத்தினால் இருக்கிற குறை இன்னும் கூடும்.

எடை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேட்கக் கசப்பாக இருக்கும். தைராய்டு குறைவால் நேரடியாக ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவிலிருந்து நாலரை கிலோ வரைதான். அமெரிக்கத் தைராய்டு சங்கம் தன் நோயாளிகளுக்குச் சொல்லும் கணக்கும் இதுதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டென்மார்க்கில் தைராய்டு குறைவுக்குச் சிகிச்சை தொடங்கியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள், 2011இல் வெளிவந்த ஆய்வு. சராசரியாக நாலு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கியது, ஆனால் உடம்பிலிருந்த கொழுப்பின் அளவு அப்படியே இருந்தது. போனது தேங்கியிருந்த நீர்.

இதை நான் என் விரலிலேயே பார்த்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இது வந்தபோது கல்யாண மோதிரம் கழற்ற வரவில்லை. சோப்பு நுரையெல்லாம் போட்டு அம்மா இழுத்துப் பார்த்தார், தோல்தான் சிவந்தது. விரல் கொழுகொழுவென்று இருந்தாலும் அழுத்தினால் குழி விழாது, மாவு மாதிரி அமுங்காமல் கெட்டியாக இருக்கும். குரலும் கட்டிப்போய், ஃபோனில் பேசினால் அண்ணனா என்று கேட்டார்கள். மாத்திரை சரியான அளவுக்கு வந்த பிறகு மோதிரம் தானாகச் சுழல ஆரம்பித்தது. அந்த நேரத்தில் எடை மெஷினில் இறங்கியது கொஞ்சம்தான். மோதிரத்தைப் பார்த்திருக்காவிட்டால் மாத்திரை வேலை செய்யவில்லை என்றுதான் நினைத்திருப்பேன்.

உங்கள் ஏழு கிலோவில் தைராய்டின் பங்கு இருக்கலாம், முழுவதும் அதுவாக இருக்காது. 2.1 என்று வந்திருப்பதால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜனவரி 11, இரவு

காலையில் எழுதியதை விட்டு மனம் நகரவில்லை. முடி, மலச்சிக்கல், தூக்கம் மூன்றும் சேர்ந்து வருகிறது என்றால் 2.1 என்ற எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. இதற்குப் பதில் சொல்லுங்கள்: மாத்திரையை எத்தனை மணிக்கு, எதனுடன் போடுகிறீர்கள்? அதற்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் வாயில் வேறு எதுவும் போகிறது? வேறு என்னென்ன மாத்திரை, சத்து மாத்திரை, பவுடர், லேகியம்? ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, மாத்திரை போடும் முன்னா பின்னா?

முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜனவரி 13

பதில் வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே மடக்குத் தண்ணீரில். கால் மணி நேரத்தில் காபி. காலை டிபனுக்குப் பிறகு கால்சியம். முடிக்கு பயோட்டின், 10,000 மைக்ரோகிராம், ஐந்தாறு மாதமாக. ரத்தம் கொடுத்த அன்றும் பயோட்டின் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார்.

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

இரும்புச்சத்தும் கால்சியமும் குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போக வேண்டிய மருந்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். 50 எழுதியிருந்தாலும் உடம்புக்குக் கிடைப்பது 50க்கான பலன் இல்லை. இந்த இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பயோட்டின் வேறு ரகம். அது தைராய்டை ஒன்றும் செய்வதில்லை, டெஸ்ட்டைக் குழப்புகிறது. பல லேப்களில் ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் அந்தக் கணக்கு தப்பும். டிஎஸ்எச் நிஜத்தைவிடக் குறைவாகவும் டி4 நிஜத்தைவிட அதிகமாகவும் காட்டும். மருந்து பற்றாத ஒருவருக்கு ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். நார்மலாக இருப்பவருக்குத் தைராய்டு அதிகம் என்று வந்து மருந்தைக் குறைத்துவிடவும் வாய்ப்புண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. நம் ஊரில் பயோட்டினை ஜெல்லி மிட்டாய் மாதிரி விற்கிறார்கள், டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

பயோட்டினை நிறுத்திவிட்டுக் குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் இன்னும் சில நாள் விட்டு, மறுபடி ரத்தம் கொடுங்கள். டிஎஸ்எச்சுடன் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டுவது). காலையில் மாத்திரை போடும் முன்.

ஜனவரி 14

எங்கள் லேப்பில் பயோட்டின் ஒரு பிரச்சினையே இல்லை என்றார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மையாக இருக்கலாம். எல்லா மெஷினும் அந்த முறையில் ஓடுவதில்லை, ஓடுகிறவற்றிலும் சில தயாரிப்பாளர்கள் டெஸ்ட்டை மாற்றியமைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ரத்தம் எந்த மெஷினில் போகிறது என்பது நமக்கும் தெரியாது, எழுதிக்கொடுக்கும் டாக்டருக்கும் பெரும்பாலும் தெரியாது. இரண்டு நாள் அந்த மாத்திரையைத் தள்ளிவைக்க ஒரு செலவும் இல்லை.

மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறார். டிஎஸ்எச் மாறாது. ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்கு ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்தால், தினமும் அந்த அளவில் இருக்கிறது என்று தப்பாகப் படிப்போம். டிஎஸ்எச்சுக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு: இரவிலும் விடியற்காலையிலும் கூடுதல், மதியத்துக்கு மேல் குறைவு. போன தடவை காலை ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தடவை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தால், 3.4 என்பது 2.3 ஆனதற்கு மாத்திரைக்கு நன்றி சொல்ல முடியாது. எப்போதும் ஒரே லேப், ஒரே நேரம்.

ஜனவரி 19

காபி பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், எதிர்பார்த்ததுதான்.

காபி மருந்தை உறிஞ்சவிடாமல் குறைக்கிறது. இத்தாலியில் எஸ்பிரெசோவோடு மாத்திரை போட்டவர்களிடம் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஃபில்டர் காபியில் பாலும் சேருகிறது, பாலில் கால்சியம். அரை மணி நேரம் கட்டாயம், ஒரு மணி நேரம் என்றால் நல்லது. எங்கள் வீட்டில் மாமியாருக்கும் தைராய்டு. எழுந்ததும் காபி இல்லையென்றால் அவருக்கு நாளே விடியாது, ஒரு மணி நேரம் காத்திரு என்றால் மாத்திரையைத்தான் விடுவார். அதனால் அவர் இரவுக்கு மாற்றிக்கொண்டார், டாக்டரிடம் கேட்டுத்தான். எட்டு மணிக்குள் சாப்பாடு, பதினொரு மணிக்குப் படுக்கும்போது மாத்திரை. நெதர்லாந்தில் 2010இல் வந்த ஆய்வில் படுக்கும் நேரத்தில் போட்டவர்களுக்கு டிஎஸ்எச் இன்னும் நன்றாகவே இறங்கியிருந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பத்து மணிக்கு பரோட்டா சாப்பிடுகிற வீட்டுக்கு இது ஆகாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது கேஸ் மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகையறா. இங்கே யார் எதற்கு டாக்டரிடம் போனாலும் சீட்டில் ஒன்று சேர்ந்தே வருகிறது, அதையும் வெறும் வயிற்றில்தான் போடச் சொல்கிறார்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் லெவோதைராக்சின் சரியாகக் கரையாது. அமிலம் நாள் முழுக்கக் குறைந்திருக்கும் என்பதால் மணிக்கணக்கு இடைவெளி விட்டும் பெரிய பயனில்லை. மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள் தைராய்டு டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், டிஎஸ்எச்சை ஒரு தடவை கூடுதலாகப் பார்க்க வேண்டும். அது தேவையா என்றும் கேட்டுவிடுங்கள், பல பேருக்கு எப்போதோ எழுதியது நின்றபாடில்லை.

ஜனவரி 27

புது ரிப்போர்ட் வந்துவிட்டது. டிஎஸ்எச் 8.4. ஃப்ரீ டி4 0.9. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 158. ஃபெரிட்டின் குறைவு.

மூன்று வாரத்துக்கு முன்பு இதே உடம்புக்கு 2.1. இந்த மூன்று வாரத்தில் உடம்பு அவ்வளவு மாறியிருக்க வாய்ப்பு குறைவு, முதல் எண்ணில்தான் கோளாறு என்று அவருடைய டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

டி4 நார்மல், டிஎஸ்எச் மட்டும் எகிறியிருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதில்லை, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்புகிறது. கீழே வேலை சற்று மந்தமானாலே அது பல மடங்கு சத்தம் போடும். டி4 கீழ்வரம்பைத் தாண்டும் முன்பே டிஎஸ்எச் ஏறிவிடுவது இதனால்தான்.

எல்டிஎல் 158ஐப் பார்த்து இப்போதே கொலஸ்ட்ரால் மாத்திரை கேட்க வேண்டாம். தைராய்டு குறைந்தால் கல்லீரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுப்பது குறையும், அளவு ஏறும். தைராய்டு சரியானதும் அதில் ஒரு பகுதி தானே இறங்கும். முதலில் இதைச் சரிசெய்துவிட்டு அதை மறுபடி பார்ப்பதுதான் முறை. குறைவு சரியாகாமலே ஸ்டேட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கினால் தசைவலி வரும் வாய்ப்பும் கூட.

டாக்டர் அளவை ஏற்றவில்லை. 50லேயே இருக்கட்டும், இரும்பையும் கால்சியத்தையும் மதியத்துக்குமேல் தள்ளுங்கள், எட்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றாராம். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. உடனே 75க்கு ஏற்றிவிட்டு இடைவெளியையும் சரிசெய்திருந்தால், அடுத்த ரிப்போர்ட் மறுபக்கம் போயிருக்கக்கூடும்.

எட்டு வாரம் எதற்கு என்றால், டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். எந்த மாற்றம் செய்தாலும் அளவு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகும், பிட்யூட்டரி அதற்கேற்ப அடங்க இன்னும் கொஞ்சம். பதினைந்தாம் நாள் எடுக்கும் டெஸ்ட்டில் பாதிக் கதைதான் தெரியும்.

பிப்ரவரி 6

முட்டைக்கோஸ். காலிஃப்ளவர். மரவள்ளிக்கிழங்கு. தைராய்டு என்றதும் உறவுக்காரர்கள் முதலில் பிடுங்குவது இவற்றைத்தான்.

இவற்றிலுள்ள சில பொருள்கள் சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடியவை, அது உண்மை. பச்சையாக மிக அதிகமாக, அயோடின் பற்றாத இடத்தில் சாப்பிட்டால் பிரச்சினை. வேகவைத்தால் பெருமளவு போய்விடும். ஹார்மோனையே மாத்திரையாக விழுங்குகிற நமக்குப் பொரியலில் ஒரு கரண்டி முட்டைக்கோஸ் என்ன செய்துவிடும்? நான் தாராளமாகச் சாப்பிடுகிறேன்.

உப்புதான் கவனிக்க வேண்டியது. இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று வீட்டு உப்பை முழுக்க மாற்றியவர்கள் இப்போது நிறைய. அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் ஒழிய அதில் போதுமான அயோடின் இருக்காது. நமக்குப் பரவாயில்லை, அதே சாப்பாட்டைத்தானே வீட்டிலுள்ள பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடுகிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்ண விற்கக் கூடாது என்று 2006இல் மத்திய அரசு மறுபடி தடை கொண்டுவந்ததன் காரணம் அவர்கள்தான். அதே மூச்சில் மறுபக்கமும்: அயோடின் சொட்டு, கடல்பாசி மாத்திரை என்று எடுத்தால் குணமாகும் என்பதும் வேண்டாம். நமக்கு வருவதில் பெரும்பாலானது ஹாஷிமோட்டோ, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவது. அயோடின் அதிகமானால் அது மோசமாகக்கூட ஆகலாம். ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ இதை 1912இல் விவரித்தார், அங்கே கடல்பாசிக்குப் பஞ்சமே இல்லை.

பிப்ரவரி 15

லண்டனிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: எனக்கு ஃப்ரீ டி4 14, ஊரிலுள்ள தங்கைக்கு 1.1, அவளுக்கு ஆபத்தா? இல்லை, இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறீர்கள். இங்கே நானோகிராம் கணக்கு, அங்கே பிகோமோல் கணக்கு. இங்குள்ள எண்ணை 12.87ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும். குடும்ப வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை ஒப்பிடும் முன் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் அலகைப் பாருங்கள்.

பிப்ரவரி 22

தைராய்டு மாத்திரை இரண்டு போட்டால் எடை இறங்குமா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். தைராய்டு நார்மலாம். தோழி ஒருத்தி போடுகிறாளாம்.

தயவுசெய்து வேண்டாம் அம்மா. நார்மல் தைராய்டு உள்ளவருக்கு வழக்கமான அளவில் இது எடையைக் குறைப்பதில்லை. குறைக்கும் அளவுக்குப் போட்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு தேயும், உயிருக்கே ஆபத்து. எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் தாளிலேயே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். தோழியிடமும் சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்து கார்பிமசோல் போடுகிறவர்களுக்கு எடை ஏறும், பல நேரம் நிறையவே. என் சித்தப்பா மகளுக்கு அப்படித்தான். நோய் இருந்தபோது எவ்வளவு சாப்பிட்டாலும் கரைந்துகொண்டே இருந்தாள், எல்லோரும் ஒல்லியாகிவிட்டாயே என்று பாராட்டினார்கள். மாத்திரை தொடங்கியதும் உடம்பு எரிப்பது சாதாரணமானது, பசி மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இழந்த எடை திரும்பியது, அதற்கு மேலும் ஏறியது. எடைக்குப் பயந்து மாத்திரையைத் தானாகக் குறைத்து, படபடப்போடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். மருந்து தொடங்கும் நாளிலேயே யாராவது அவளிடம் இதை விளக்கியிருக்க வேண்டும். சில நேரம் மருந்து அளவு அதிகமாகித் தைராய்டு கீழே போயும் எடை ஏறும், அதை ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

மார்ச் 30

முதலில் கேட்ட வாசகியின் ரிப்போர்ட்: டிஎஸ்எச் 2.8, பயோட்டின் இல்லாமல், காலை ஏழு மணிக்கு, மாத்திரைக்கு முன். அதே 50 மைக்ரோகிராம். எல்டிஎல் 131. மலச்சிக்கல் போய்விட்டது, மதியத் தூக்கம் குறைந்திருக்கிறது. முடி இன்னும் கொட்டுகிறது. ஃபெரிட்டின் ஏறவும் முடி திரும்பவும் மாதங்கள் பிடிக்கும், பொறுங்கள்.

எடை 66. இரண்டு கிலோதான் அக்கா, என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது மனசு கனத்தது. ஆனால் தைராய்டு தன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். மீதி ஐந்து கிலோவுக்காக மாத்திரை அளவை ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். வேலை மாறி உட்கார்ந்தே இருப்பது, ஒன்பதரை மணி இரவுச் சாப்பாடு, பையன் படிப்புக்காக ஐந்து மணி நேரத் தூக்கம் என்று நீங்களே நடுவில் எழுதியிருந்தீர்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றும் சொன்னீர்கள், அதை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா பார்ப்பார். சர்க்கரையும் ஒரு தடவை.

எனக்குப் பலன் தந்தது இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவந்ததும், தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, சுண்டலைக் கூட்டியதும், மாடிப்படியும். மெதுவாகத்தான் இறங்கியது. எடையை வாரத்துக்கு ஒரு நாள், காலையில், ஒரே மெஷினில் பார்த்தால் போதும். தினம் பார்த்தால் முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும்தான் தெரியும்.

ரிப்போர்ட் நார்மல், சாப்பாட்டைக் குறை என்று இரண்டு வாக்கியத்தில் அனுப்பிவிட்டதால்தான் இவருக்கு இத்தனை மாதம் வீணானது. என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்ற ஒரு கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டியதுதான்: போடுகிற எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட.

ஏப்ரல் 8

அம்மாவுக்கு வயது 72, மாஸ்டர் செக்கப்பில் டிஎஸ்எச் 5.8, ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது, எந்தத் தொந்தரவும் இல்லை, இருந்தும் மாத்திரை எழுதிவிட்டார்கள், தொடங்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வயது ஏற ஏற டிஎஸ்எச் சற்றுக் கூடுவது இயல்பு. ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட எழுநூறு பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. இப்படி லேசாக மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் சோர்விலோ மற்றத் தொந்தரவுகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. அந்த வயதில் அளவு மீறினால் இதயத் துடிப்பும் எலும்பும்தான் அடிபடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். அம்மா முழங்கால் வலிக்குக் கால்சியமும், முடிக்கு ஏதாவதும் எடுக்கிறாரா என்று அதற்குள் பார்த்து வையுங்கள்.